கப்பல் தளத்தில் ஒரு வரிசை: பியர்ஸின் ‘கெஸ்’ எங்கே தொடங்குகிறது?

அமெரிக்கத் தத்துவவாதி சார்ல்ஸ் சாண்டர்ஸ் பியர்ஸ் 1907 வாக்கில் எழுதி, அவர் மறைந்து பதினைந்து ஆண்டுகள் கழித்து 1929இல் அச்சேறிய ‘கெஸ்ஸிங்’ கட்டுரையில் ஒரு கடிகாரத் திருட்டு வருகிறது. 1980களின் தொடக்கத்திலிருந்து இந்தக் கதையை வாசிக்கும் முறை ஏறக்குறைய நிலைபெற்றுவிட்டது. ஷெர்லாக் ஹோம்ஸ் ‘டிடக்‌ஷன்’ என்று பெயரிட்டுச் செய்வது உண்மையில், ஒரு நிகழ்வை விளக்கக்கூடிய கருதுகோளை ஊகித்து எட்டுதல் என்று பியர்ஸ் சொல்லும் ‘அப்டக்‌ஷன்’தான், பியர்ஸே ஒருமுறை துப்பறிவாளராகி, தம் கொள்கையைத் தம் வாழ்விலேயே மெய்ப்பித்துக் காட்டினார், அவர் மனம் தன்னையறியாமல் சிறு குறிப்புகளைப் பொறுக்கிச் சேர்த்துத் திருடனைச் சுட்டியது. அந்த வாசிப்பு சொல்வது இவ்வளவே. இது ஊகத்தைத் தவறான இடத்தில் தேடுகிறது என்பது என் வாதம். கதையில் ஓர் அப்டக்‌ஷன் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பியர்ஸ் ‘கெஸ்’ என்று பெயர் சூட்டும் கணத்தில் அது நிகழவில்லை. அதற்குச் சில நிமிடங்கள் முன்பே, பெயரின்றி அது நிகழ்ந்து முடிந்துவிட்டது.

கதையின் வரிசைமுறை முக்கியம். 1879 ஜூனில் பாஸ்டனிலிருந்து ‘பிரிஸ்டல்’ நீராவிக் கப்பலில் நியூயார்க் வந்து இறங்கிய பியர்ஸ், தம் கடிகாரத்தையும் மேலங்கியையும் அறையிலேயே விட்டுவந்ததை உணர்ந்து திரும்பி ஓடுகிறார். இரண்டும் அங்கில்லை. கடிகாரம் அரசுடையது, கரையோர அளவைத் துறைப் பணிக்காக அவரிடம் இருந்தது. அதை மீட்காவிட்டால் தம் பெயர் கெடும் என்று அஞ்சுகிறார். கப்பலின் கறுப்பினப் பணியாளர்களை, எந்தத் தளத்தைச் சேர்ந்தவராயினும், ஒரே வரிசையில் நிற்கவைக்கச் செய்கிறார். ஒரு முனையிலிருந்து மறு முனைவரை சென்று ஒவ்வொருவரிடமும் சம்பந்தமில்லாத ஏதோ ஒன்றைப் பேசுகிறார். எந்தத் தடயமும் கிட்டவில்லை. விலகி நடந்தபடி தமக்குள் உரையாடுகிறார்: காரணம் இல்லாவிட்டாலும் ஒருவரைச் சுட்டியே ஆகவேண்டும். ஒரு நிமிடத்துக்குள் சிறு வளைவு நடந்து திரும்பும்போது ஐயம் முற்றாக நீங்கியிருக்கிறது. அந்த ஒருவரைத் தனியே அழைத்து 50 டாலர் தருவதாகச் சொல்லியும் மிரட்டியும் பார்க்கிறார், அவர் அசையவில்லை.

பழைய வாசிப்பு தன் முழு ஒளியையும் அந்த ஒரு நிமிட நடையின்மீதே பாய்ச்சுகிறது. அடுத்து நடந்ததை அது வெறும் பின்னுரையாக நடத்துகிறது. நானோ அதையே மையத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். பியர்ஸ் பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனத்தை நாடுகிறார். அவர்கள் அனுப்பிய துப்பறிவாளர் பணியாளர்களின் முன்வரலாறுகளை விசாரித்து, சிறு திருட்டுப் பின்னணி உள்ள வேறொருவரைப் பின்தொடர்கிறார். பயன் இல்லை. பிறகு, கடிகாரத்தைக் காட்டிக்கொடுப்பவருக்கு வெகுமதி என்று அடகுக் கடைகளுக்கு அஞ்சலட்டைகள் போகின்றன. ஓர் அடகுக் கடையில் கடிகாரம் கிடைக்கிறது. அதை வைத்தவரின் தோற்றத்தைக் கடைக்காரர் விவரிக்க, அது தாம் சுட்டிய ஆளேதான் என்று பியர்ஸ் அடையாளம் காண்கிறார்.

இந்தச் செயல்களில் எது எதைச் சோதிக்கிறது? தனியே அழைத்து மிரட்டியது, வரிசைக்குள் எடுத்த முடிவைச் சோதித்தது. துப்பறிவாளரின் விசாரணையும் வரிசைக்குள்ளேயே நின்றது. சான்றின்றிச் சுட்டிய தத்துவவாதி சரி, சான்றைத் தேடிய தொழில்முறை ஆள் பிழை என்று இவ்விருவரின் முரணைக் கொண்டாடுவது வழக்கம். ஆனால் இருவரும் ஒரு விஷயத்தில் முழுமையாக ஒத்துப்போகிறார்கள்: வரிசைக்கு வெளியே இருவருமே பார்க்கவில்லை. பயணிகள், மாலுமிகள், அதிகாரிகள், கரையேறிய கூட்டம் ஆகிய யாரும் இருவர் கணக்கிலும் வரவில்லை. அடகுக் கடைகளுக்குப் போன அஞ்சலட்டை ஒன்றுதான் மனிதனைத் தேடாமல் பொருளைத் தேடியது. கடிகாரத்தைக் கொண்டுவந்தவர் யாராக இருந்தாலும் அது சிக்கவைத்திருக்கும். ஆகவே முழுக் கதையிலும், ‘திருடன் இந்த வரிசையில்தான் இருக்கிறான்’ என்ற முதல் முடிவைப் பொய்யாக்கும் வாய்ப்புடைய சோதனை இது மட்டுமே. அதைப் பியர்ஸ் தம் ஊகத்தின் பகுதியாக எண்ணவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும்.

அந்த முதல் முடிவே, என் வாசிப்பில், கதையின் உண்மையான அப்டக்‌ஷன். இதற்குப் பியர்ஸிடமிருந்தே அளவுகோல் எடுக்கலாம். 1903 ஹார்வர்டு விரிவுரைகளில் அவரை வியக்கவைப்பது, ஒரு நிகழ்வை விளக்கக்கூடிய கோடானுகோடிக் கருதுகோள்களிலிருந்து மனித மனம் ஒரு சில முயற்சிகளிலேயே சரியானதை எப்படி எட்டுகிறது என்பதே. அப்படியானால் வியப்புக்குரிய பாய்ச்சல் கோடிகளிலிருந்து ஒரு கைப்பிடிக்கு வருவது. கைப்பிடியிலிருந்து ஒன்றுக்கு வருவது மிகச் சிறிய அடி. பழைய வாசிப்பு வியப்பதோ இந்தச் சிறிய அடியை.

கட்டுரையின் இன்னொரு சான்றும் இதையே உறுதிசெய்கிறது. 1884இல் ஜோசப் ஜாஸ்ட்ரோவுடன் அவர் நடத்திய சோதனையில், விரல்மீது படும் அழுத்தத்தின் மிக நுண்ணிய வேறுபாட்டை உணர முடிகிறதா என்று பார்த்தார்கள். தம் விடைமீது எவ்வளவு நம்பிக்கை என்பதையும் சோதிக்கப்படுபவர் சொல்லவேண்டும். நம்பிக்கை சுழியம் என்றபோதும் ஏறக்குறைய ஐந்தில் மூன்று விடைகள் சரியாக இருந்தன. அறியாமலே மனம் குறிப்புகளைக் கொள்கிறது என்பதற்கு இது உண்மையான சான்று. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே இரண்டே விடைகள். எது எப்போது வரும் என்பதைத் தீர்மானித்தது கலைக்கப்பட்ட சீட்டுக்கட்டு. தேர்வுக்களத்தை வகுத்ததில் ஊகிப்பவருக்குப் பங்கு இல்லை. கப்பலில் களத்தை வகுத்தவரே ஊகித்தவரும். இந்த வேறுபாட்டைக் கடந்து ஒன்றை மற்றொன்றுக்கு ஆதாரமாக்குவது எளிதில் ஏற்கத்தக்கதன்று.

வரிசை எங்கிருந்து வந்தது? இயற்கையோடு மனத்துக்கு உள்ள இசைவு என்று பியர்ஸ் விளக்கக்கூடும். கலிலியோ சொன்ன ‘இயற்கை ஒளி’ அவர் திரும்பத் திரும்பப் பிடித்துக்கொள்ளும் கருத்து. விழும் பொருள்களின் விதியைப் பொறுத்தவரை அதில் வலு உண்டு. ஆனால் 1879இல், தென்மாநில மறுசீரமைப்புக் காலம் முடிந்து இரண்டே ஆண்டுகளில், ஓர் அமெரிக்கக் கப்பலில் வெள்ளையர் ஒருவர் பொருளை இழந்தால் யார் வரிசையில் நிற்பார் என்பதை இயற்கை ஒளி காட்டுவதில்லை. அதைச் சமூகம் முன்பே காட்டிவிட்டது. அறைகளுக்குள் சென்றுவரக்கூடியவர்கள் பணியாளர்கள் என்பது ஒரு காரணமாகலாம். ஆனால் எல்லாத் தளத்தினரும் அழைக்கப்பட்டது அந்தக் காரணத்தோடு பொருந்தவில்லை. அறைகளோடு தொடர்பே இல்லாதவர்களும் நிற்கவைக்கப்பட்டார்கள். நிறம் அங்கே ஓர் எல்லைக்கோடாக வேலை செய்திருக்கிறது.

இது இன்றைய அறத்தை அன்றைய மனிதர்மீது சுமத்துவது என்று சொல்வார்கள். ஆனால் இது தர்க்கம் பற்றிய கேள்வி: ஒரு முடிவுக்கு எவ்வளவு சான்று இருந்தது என்பதற்கு எந்த நூற்றாண்டிலும் ஒரே விடைதான். கடைசியில் அவர் சுட்டியவரே திருடர் என்பதும் விடையாகாது. ஒரு முறை சரியாக அமைந்ததால் ஒரு முறையியல் நிறுவப்படுவதில்லை என்பதைப் பியர்ஸைவிடத் தெளிவாகச் சொன்னவர் அரிது. இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து நினைவிலிருந்து எழுதப்பட்ட கதை என்ற தடை இன்னும் கனமானது. உரையாடல்களின் சொற்களை அப்படியே ஏற்க நான் தயாராக இல்லை. ஆனால் என் வாதம் அவர் எதை நினைவில் வைத்தார் என்பதைவிட, எதை ஊகம் என்று பெயரிட்டார், எதைப் பெயரிடாமல் விட்டார் என்பதையே பற்றி நிற்கிறது. அதற்கு 1907இன் எழுத்தே சான்று.

பெயரிடுவதில் பியர்ஸ் கஞ்சத்தனம் காட்டியவர் அல்லர். 1878இல் ‘ஹைப்பாதிசிஸ்’ என்றார். பிறகு ‘ரெட்ரோடக்‌ஷன்’, ‘அப்டக்‌ஷன்’. 1907இல் எவரும் வீட்டில் பேசும் ‘கெஸ்’. இடையில், 1902இல் பால்ட்வினின் தத்துவ அகராதிக்கு எழுதிய பதிவில், அப்டக்‌ஷனையே ‘பிரிசம்ப்ஷன்’ என்றும் அழைத்தார். ஆய்வாளர்கள் அதிகம் திரும்பிப் பார்க்காத இந்தச் சொல்லே நம் கதைக்குப் பொருத்தமானது. சட்டத்தில் ‘பிரிசம்ப்ஷன்’ என்பது மறுத்து நிறுவப்படும்வரை உண்மை என வைத்துக்கொள்ளப்படுவது. மறுக்கும் சுமை எதிர்த்தரப்பின் தலையில். கப்பல் தளத்தில் அந்தச் சுமை வரிசையில் நின்ற ஒவ்வொருவர் தலையிலும் இருந்தது. ‘கெஸ்’ என்ற எளிய, பொறுப்புக் குறைந்த சொல்லோ, அந்தச் சுமையையும் சேர்த்து ஒரு நிமிட நடைக்குள் கரைத்துவிடுகிறது.

ஆகவே இரண்டு சொற்களையும் பிரித்து ஆளலாம் என்று முன்மொழிகிறேன்: வகுக்கப்பட்ட களத்துக்குள் தேர்வது ‘கெஸ்’; களத்தை வகுப்பது ‘அப்டக்‌ஷன்’. பியர்ஸ் எல்லா இடத்திலும் இப்படிப் பிரித்தார் என்று சொல்லமாட்டேன். ஆனால் அப்டக்‌ஷனின் தலைசிறந்த சாதனையாக அவரே உயர்த்திப் பிடித்தது கடிகாரக் கதையை அல்ல, செவ்வாயின் பாதை பற்றிய கெப்ளரின் உழைப்பை. அங்கே வட்டங்களின் வரிசைக்குள் விடை இல்லை. வட்டப் பாதையின் கணிப்பு டைக்கோ பிராகியின் அளவீடுகளோடு எட்டுக் கலை அளவே வேறுபட்டது. அந்தச் சிறு பிசகை ஒதுக்காமல், கெப்ளர் வட்டம் என்ற களத்தையே கைவிட்டு முட்டை வடிவத்துக்கும் பின்பு நீள்வட்டத்துக்கும் போனார். அப்டக்‌ஷன் பற்றிய ஆய்வு இனி கேட்கவேண்டிய கேள்விக்கு அந்தக் கணக்குத்தாள்களே மேலான களம்: களத்துக்கு வெளியிலிருந்து வரும் எந்தச் சான்று, எந்தக் கட்டத்தில், களத்தை வகுத்தவரையே அதை அழிக்கவைக்கிறது?