பூட்டு எப்போ திறந்தது?

மணிமங்கலம்னா சரித்திரப் பிரியர்களுக்கு பல்லவன் நரசிம்மவர்மனும் சாளுக்கியன் புலிகேசியும் மோதின களம்தான் ஞாபகம் வரும். நான் எழுதப்போறது அந்தப் போர் இல்லீங்க. இப்போ அதே மணிமங்கலத்துல இருந்து ஒரகடம் வரைக்கும் இருக்கிற தொழிற்சாலைகள்ல தினமும் நடக்கக்கூடிய சின்னப் போர்: ஒரே கோப்புக்கு ரெண்டு பேர் அடிச்சுக்கறது :-)

ஸ்டாக் கணக்கு சர்வர்ல ஒரே கோப்பா இருக்குன்னு வச்சுக்குங்க. முதல் ஷிப்ட்காரர் அதைப் பூட்டி எழுதிட்டு இருக்கும்போதே அவர் மெஷின் தொங்கிடுது. பவரை அணைச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டார். ரெண்டாவது ஷிப்ட்காரர் எழுத முடியுமா? பூட்டு எப்போ திறந்ததுன்னு சரியாத் தெரிஞ்சாத்தான் முடியும்.

கொஞ்சம் பின்னாடி போவோம். 1983-ல 4.2 பிஎஸ்டி யூனிக்ஸ்ல ப்ளாக் வந்தது. முழுக் கோப்புக்கும் ஒரே பூட்டு, அதுவும் மரியாதைப் பூட்டு. மதிச்சா உண்டு, மதிக்கலைன்னா தடுக்காது. 1984-ல டாஸ் 3.0, கோப்பின் ஒரு பகுதியை மட்டும் பூட்ட வழி செஞ்சது. 1988-ல வந்த போசிக்ஸ் தரத்துலயும் பகுதிப் பூட்டு இருந்தது, கூடவே ஒரு வில்லங்கமும். ஒரு ப்ராசஸ் அதே கோப்பை ரெண்டு தடவை திறந்து ஒண்ணை மட்டும் மூடினாலும் அதோட பூட்டு எல்லாம் போயிடும்! லினக்ஸ்ல இதுக்கு மாற்று வர 2014 ஆச்சு.

1993-ல டேவ் கட்லர் குழு கொண்டுவந்த விண்டோஸ் என்.டி.யில பூட்டு கறார். திறக்க மூணு கோரிக்கை: ஒரு பூட்டை எடு, எல்லாத்தையும் எடு, இந்தச் சாவி எண்ணுக்கு உரியதை மட்டும் எடு. நெட்வொர்க்ல பலருக்காக ஒரே சர்வர் பூட்டுறதால கடைசியானது தேவைப்பட்டது.

இதைத் தவிர ரெண்டு சத்தமில்லாத வழி இருக்கு. ஒரு ப்ராசஸ் தன் கடைசி ஹேண்டிலை மூடி, இன்னொரு ப்ராசஸ் அதையே வச்சிருந்தா, ஐ.ஓ. மேனேஜரே 'எல்லாத்தையும் எடு'ன்னு அனுப்பும். யார்கிட்டயும் ஹேண்டில் மிச்சமில்லைன்னா திறப்புக் கோரிக்கையே வராது. 'க்ளீனப்' மட்டும்தான் வரும், அதுக்குள்ளேயே என்.டி.எப்.எஸ். பூட்டுகளை விட்டுடும். நம்ம முதல் ஷிப்ட்காரர் கேஸ் இதுதான். தொடர்பு அறுந்ததைக் கண்டுபிடிச்சு சர்வரே ஹேண்டிலை மூடும்.

இப்போ நடுவுல ஒரு பில்டர் டிரைவர் உட்கார்ந்து, பூட்டுக்குத் தனிக் கணக்கு வச்சிருக்குன்னு வைங்க. திறப்புக் கோரிக்கையை மட்டும் எண்ணினா, போன பூட்டு அதோட கணக்குல அப்படியே நிக்கும். ரெண்டாவது ஷிப்ட்காரர் அம்போ!

பழைய பில்டர்கள்ல சாதாரணக் கோரிக்கைக்கு ஒண்ணு, பாஸ்ட் ஐ.ஓ. குறுக்குவழிக்கு ஒண்ணுன்னு ரெண்டு இடத்துல காவல் போடணும். 2004-ல எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2-வோட வந்த பில்டர் மேனேஜர், ரெண்டையும் ஒரே கால்பேக்ல கொண்டுவந்து கொடுத்தது. ஆனா க்ளீனப்புக்கு நாமதான் தனியாப் பதிவு செய்யணும். திறப்பையும் கோரிக்கை கிளம்பும்போது எழுதக்கூடாது, வெற்றின்னு பதில் வந்தப்புறம்தான் கணக்குல கழிக்கணும்.

அதனால பில்டர் எழுதுற நண்பர்களே, கோப்பை ஒழுங்கா மூடி மட்டும் டெஸ்ட் பண்ணாதீங்க. பூட்டு போட்டுட்டு டாஸ்க் மேனேஜர்ல ப்ராசஸைக் கொன்னு பாருங்க. அப்பவும் கணக்கு பூஜ்யத்துக்கு வந்தாத்தான் நம்பலாம்.