தாயத்தில் மறுவீச்சு: வீட்டு விதிகள்

கொங்கு நாட்டில் தாயம், தாயக்கரம் என்று வழங்கும் பகடையாட்டத்தில், சில எண்கள் விழுந்தால் ஆடுபவர் கட்டையை மீண்டும் உருட்டலாம். 1 (தாயம்), 5, 6, 12 ஆகியவை அந்த எண்கள். எதிராளியின் காயை வெட்டினாலும் இன்னொரு வீச்சு உண்டு. இந்த அளவில் பெரும்பாலோர் ஒப்புவர். மற்றபடி அம்முச்சி வீட்டில் செல்லும் விதி அப்பத்தா வீட்டில் செல்லாது.

தாயம் போட்டால்தான் காய் இறங்கும் என்பார் பலர். 5 போட்டாலும் இறக்கலாம் என்பாரும் உண்டு. ஒரு காயையாவது வெட்டாதவர் உள்சுற்றுக்குள் நுழைந்து பழம் எடுக்க (காயைக் கடைசிக் கட்டத்தில் சேர்க்க) முடியாது என்பது பல வீடுகளின் கட்டுப்பாடு. ஒரே எண் மூன்று முறை தொடர்ந்தால் அத்தனையும் செல்லாது என்று சில வீடுகளில் வைத்திருக்கிறார்கள்.

மறுவீச்சு எத்தனை முறை வாய்க்கும் என்பதை விதி மட்டும் தீர்மானிப்பதில்லை. பித்தளைத் தாயக்கட்டைக்கு நான்கு முகங்கள்: வெறுமை, 1, 2, 3. இரண்டு கட்டைகள் 16 விதமாக விழும். அவற்றில் 6 விதங்கள் மறுவீச்சு தரும். இரண்டும் வெறுமையானால் 12. ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்த புளியங்கொட்டைகள் ஆறை வீசினாலோ, இரு பக்கமும் சமமாக விழும் என்று கொண்டால், 64 விதங்களில் 14 மட்டுமே மறுவீச்சு தரும். கட்டையில் நூற்றுக்கு 37 அல்லது 38 தடவை வரும் நற்பேறு கொட்டையில் 22 தடவைதான். எதை வீசுகிறார்கள் என்று கேட்காமல் இரு வீட்டு விதிகளை ஒப்பிடுவது வீண் வேலை.

நல்ல வீச்சுக்குக் கூடுதல் பலன் தரலாமா என்ற வாதம் மேலை நாட்டில் கதாபாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளிலும் நடந்தது. உருது, பலூச்சி மொழிகளின் அறிஞரான எம்.ஏ.ஆர். பார்க்கர் 1975இல் வெளியிட்ட 'எம்பயர் ஆஃப் தி பெட்டல் த்ரோன்' விளையாட்டில், 20 முகப் பகடையில் 20 விழுந்தால் அடி இரட்டிப்பாகும். 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' படைப்பாளர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் 1979இல் வந்த தம் விதிநூலில் இத்தகைய முறையை எதிர்த்தார். ஆடியவர்கள் தத்தம் மேசையில் அதை வைத்துக்கொண்டார்கள். பின்னர் அது அந்த விளையாட்டின் விதியாகவே ஆயிற்று. அங்கே வாய்ப்பு நூற்றுக்கு 5.

அங்கே நற்பேறு அடியின் வலுவைக் கூட்டுகிறது. தாயத்தில் அது முடிவெடுக்கும் வேலையைக் கூட்டுகிறது: 12, 5, 3 என்று தொடர்ந்து விழுந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு, எதை எந்தக் காய்க்குக் கொடுத்தால் வெட்டு விழும் என்று கணக்கிட வேண்டும்.