குழுச் சிகிச்சையில் மனக்கலக்கம்

மனநோயாளர் சிலர் ஒரு வைத்தியரின் முன்னிலையில் ஒருங்கே அமர்ந்து, தத்தம் உள்ளத்தைத் திறந்து பேசிக் குணம் நாடும் முறையில், அக்கூட்டமே அவர்களிடத்து எழுப்பும் இனம்புரியாத அச்சத்தை இத்தலைப்புக் குறிக்கும். தணிக்கவேண்டிய இடையூறாக முதலில் எண்ணப்பட்ட இக்கலக்கம், அரை நூற்றாண்டுக்குள் சிகிச்சையின் கருவியாகவே மதிக்கப்படலாயிற்று.

1905-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் பிராட் என்னும் வைத்தியர், ஸானடோரியம் செல்ல வசதியற்ற க்ஷயரோகிகளை வாரந்தோறும் ஒரு வகுப்பாகக் கூட்டி, அவர்கள் குறித்துவந்த உஷ்ணநிலையைப் பார்வையிட்டு, எடை கூடியவரைப் பிறர்க்கு உதாரணமாகக் காட்டி ஊக்கமளித்தார். அங்கே கூட்டுறவின் பயன் அச்சத்தை ஆற்றுவதாகவே இருந்தது. 1921-ல் ஃப்ராய்டு, தலைவனை இழந்த சேனை பீதியுற்றுச் சிதறுவதை ஆராய்ந்து, அவனிடத்தும் ஒருவரிடத்தொருவரும் கொண்ட பற்று அறும்போதே கலக்கம் கட்டவிழ்கிறது என்று விளக்கினார்.

இக்கருத்தைச் சிகிச்சை அறைக்குள் சோதித்தவர், 1897-ல் நம் நாட்டு மதுராவில் பிறந்து, முதல் உலக யுத்தத்தில் டாங்கிப் படையில் பணிபுரிந்த வில்ஃபிரெட் பியான் ஆவார். பர்மிங்ஹாமை அடுத்த நார்த்ஃபீல்டு ராணுவ ஆஸ்பத்திரியில் அவர் தொடங்கிய பரிசோதனை ஆறு வாரங்களில் நிறுத்தப்பட்டது. 1948 முதல் லண்டன் டாவிஸ்டாக் சிகிச்சை நிலையத்தில் அவர் நடத்திய கூட்டங்களில், வைத்தியர் ஏதேனும் போதிப்பார் என்று வந்தவர்கள் காத்திருக்க, அவரோ வாளாவிருப்பார். மௌனம் நீள நீளச் சிலர் அவரைச் சினந்துகொள்வர், சிலர் வேறு தலைவரைத் தேடுவர். அவ்வேளையில் குழு, தலைவனை அண்டிப் பிழைத்தல், போரிடுதல் அல்லது ஓடுதல், இருவர் இணைவால் இரட்சகன் தோன்றுவான் என நம்புதல் ஆகிய மூன்று நிலைகளுள் ஒன்றில் புகலடைகிறது என்று அவர் கண்டார். 1961-ல் இவ்வாராய்ச்சிகள் நூலுருப் பெற்றன.

ஜெர்மனியிலிருந்து இங்கிலாந்து புகுந்த ஃபூக்ஸ் என்பவரோ, கலக்கத்தைச் சுமக்கும் ஆற்றல் குழுவினரின் உறவுப் பின்னலிலேயே உண்டென்று நம்பி, தலைவர் பின்னணியில் நின்று பேச்சைத் தடையின்றி ஓடவிடும் முறையை வகுத்தார். 1952-ல் அதற்கென ஒரு சங்கமும் நிறுவினார்.

இவ்விரு மரபுகளும் முறையால் வேறுபடினும், ஒரு கருத்தில் ஒன்றுபடும்: கலக்கம் மிகுந்தால் நோயாளி கூட்டத்தைவிட்டு விலகுவான், அறவே இல்லையேல் கூட்டம் வெறும் அளவளாவலாய் முடியும். ஆதலின் அதனை அளவறிந்து காப்பதே குழுத்தலைவரின் முதற்கடமையாகும்.