நாற்காலி செய்த அரசு

உடன்குடியில் நின்று நாற்காலியைப் பற்றிப் பேசுவது பொருத்தம்தான். இங்குள்ள பனை கருப்பட்டி மட்டுமா தந்தது? கட்டிலுக்கு நாரும் தந்தது. அந்த நார்க்கட்டிலில் யார் உட்காரலாம், யார் எதிரே கைகட்டி நிற்க வேண்டும் என்பதில் ஊருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அரசு நாற்காலி அப்படியல்ல, அது பொதுப்பணத்தில் வாங்கியது, பதவிக்கு உரியது என்று நாம் நம்பினோம்.

தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களுக்கு நாற்காலி செய்து கொடுத்தவர்களில் முக்கியமானது டான்சி. தொழில் வணிகத் துறை நடத்திவந்த சிறு தொழிற்கூடங்களை ஒன்றாக்கி, 1965இல் அரசே தொடங்கிய தமிழ்நாடு சிறுதொழில் கழகம் அது. மர மேசை, இரும்பு பீரோ, பள்ளிக்கூட பெஞ்சு, டெஸ்க் எல்லாம் அங்கிருந்து வந்தன. செய்பவரும் அரசு, வாங்குபவரும் அரசு. (டான்சி என்றதும் பலருக்குக் கிண்டி நில வழக்குதான் நினைவுக்கு வருகிறது. மரம் இழைத்த தொழிலாளியை யாரும் நினைப்பதில்லை.)

நம்மில் பலர் ஐந்தாம் வகுப்புவரை தரையில் உட்கார்ந்து படித்தவர்கள். அரசு பெஞ்சில் முதன்முதலாக எல்லோருடனும் தோள் இடிக்க உட்கார்ந்த நாள் நமக்குச் சின்ன விஷயமல்ல.

1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் தலைவர் பதவியிலும் இடஒதுக்கீடு தந்தது. 1996இல் தேர்தல் நடந்தது. மறு ஆண்டு ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்த ஐவரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியல் சாதிப் பெண் தலைவர் தரையில் உட்கார, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படத்தை நாடே பார்த்தது. 2022இல் தீண்டாமை ஒழிப்பு முன்னணி 386 ஊராட்சிகளில் ஆய்வு நடத்தியது. 22 ஊராட்சிகளில் பட்டியல் சாதித் தலைவருக்கு உட்கார நாற்காலி இல்லை.

மரத்துக்குப் பஞ்சமா, இரும்புக்குப் பஞ்சமா? அரை நூற்றாண்டுக்கு மேலாக நாற்காலி செய்யும் கழகத்தைச் சொந்தமாக வைத்திருக்கும் அரசு இது. கொடுத்த நாற்காலியில் தலைவர் உட்கார்ந்தாரா என்று போய்ப் பார்க்கத்தான் அதற்கு ஆள் இல்லை.

நம் திருநெல்வேலிக்குப் பக்கத்திலேயே தாழையூத்து இருக்கிறது. அருந்ததியரான கிருஷ்ணவேணி அங்கே ஊராட்சித் தலைவராக இருந்தார். பெண்களுக்குக் கழிப்பிடம் கட்ட முனைந்தார். 2011 ஜூன் 13 இரவு அவரை வெட்டினார்கள். ஒரு காதை இழந்தார். உயிர் பிழைத்து வந்தார்.