டோல் மரபணுவும் பூச்சிகளின் பூஞ்சை எதிர்ப்பும்

பட்டுப்புழுக்களின் உடலைச் சுண்ணாம்புக் கட்டிபோல் வெளுத்து இறுகச்செய்யும் நோய்க்கு ஒரு பூஞ்சையே காரணம் என்பதை 1835இல் இத்தாலியரான அகோஸ்தினோ பாஸி நிறுவினார். அப்பூஞ்சை இன்று அவர் பெயராலேயே பியூவேரியா பாஸியானா எனப்படுகிறது. பூஞ்சைத் தொற்றைப் பூச்சியின் உடல் எப்படி அறிகிறது என்ற கேள்விக்கு விடை கிடைக்க மேலும் 160 ஆண்டுகள் ஆயின. முதுகெலும்பிகளைப் போலப் பிறபொருளெதிரிகளை உருவாக்கும் திறன் பூச்சிகளுக்கு இல்லை.

விடை வேறொரு துறையிலிருந்து வந்தது. 1980களில் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் கிறிஸ்டியானே நூஸ்லைன்-ஃபோல்ஹார்ட் குழுவினர், பழ ஈயின் கருவில் முதுகுப்புறம், வயிற்றுப்புறம் எவை என்பதைத் தீர்மானிக்கும் மரபணுக்களை ஆராய்ந்தனர். அவற்றுள் ஒன்று டோல் எனப் பெயர் பெற்றது. ஜெர்மன் மொழியில் இது ‘அபாரம்’ என்பதுபோன்ற வியப்புச் சொல். மனிதரின் நோயெதிர்ப்பில் பங்குபெறும் இன்டர்லூக்கின்-1 ஏற்பியின் உட்பகுதியை டோல் புரதம் ஒத்திருப்பது 1991இல் தெரியவந்தது.

இந்த ஒற்றுமை தற்செயலா? பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில், ஜூல் ஹாஃப்மனின் ஆய்வகத்தில் பணியாற்றிய புருனோ லெமேத்ர் இதைச் சோதித்தார். டோல் செயலிழந்த ஈக்களை அஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை எளிதில் கொன்றது. இறந்த ஈயின் உடலெங்கும் பூஞ்சை இழைகள் முளைத்திருந்தன. பூஞ்சையைக் கொல்லும் டிரோசோமைசின் என்ற சிறு புரதம் அவற்றில் போதிய அளவு உருவாகவில்லை. எனினும் ஈ.கோலை பாக்டீரியாவை அதே ஈக்கள் தாக்குப்பிடித்தன. எனவே, பூச்சியின் உடல் எதிரிக்கேற்பப் பாதையை மாற்றுகிறது என்பது உறுதியாயிற்று. முடிவுகள் 1996இல் வெளியாயின. மறு ஆண்டே மனிதரிலும் டோல் போன்ற ஏற்பி நோயெதிர்ப்பில் செயல்படுவதை ருஸ்லான் மெட்ஜிட்டோவும் சார்லஸ் ஜேன்வேயும் காட்டினர்.

டோல் நேரடியாகப் பூஞ்சையைத் தொடுவதில்லை என்பது பின்னர் விளங்கியது. ஈயின் இரத்தத்தில் இரண்டு காவல்கள் உள்ளன. ஜிஎன்பிபி3 என்ற புரதம் பூஞ்சைச் சுவரிலுள்ள பீட்டா-குளுக்கன் என்ற சர்க்கரைத் தொடரைப் பற்றிக்கொள்கிறது. பெர்செபோன் என்ற மற்றொன்று இன்னும் சாமர்த்தியமானது: பூச்சியின் தோலைத் துளைக்கப் பூஞ்சை சுரக்கும் நொதியே அதை வெட்டி விழிப்பூட்டுகிறது. சுவரை மறைத்துக்கொள்ளும் பூஞ்சைகூடத் தன் ஆயுதத்தால் அகப்பட்டுவிடும். இருவழிகளும் இறுதியில் ஸ்பேட்ஸ்லே என்ற புரதத்தைத் தூண்டுகின்றன. அது டோலுடன் இணைந்ததும், கொழுப்புடலம் டிரோசோமைசினை இரத்தத்தில் கொட்டுகிறது.

2011ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசின் ஒரு பாதியை ஹாஃப்மனும், பாலூட்டிகளில் இத்தகைய ஏற்பியை ஆராய்ந்த புரூஸ் பாய்ட்லரும் பகிர்ந்துகொண்டனர். லெமேத்ர் பெயர் அதில் இல்லை. அந்தச் சோதனைகளில் தமக்குரிய பங்கு போதிய அளவு மதிக்கப்படவில்லை என அவர் வெளிப்படையாக எழுதினார்.