பழமும் பாகும்

சித்திரை மாதத்தில் மீன்சுருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகளில் நடந்தால் புளித்த வாடை மூக்கைத் துளைக்கும். கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே போட்டுவிடுகிறார்கள். இன்று விழுந்த பழம் நாளை நொதித்து ஈ மொய்க்கிறது. ஆனால், பழனிக்குச் சென்று வந்தவர் கொண்டுவரும் பஞ்சாமிர்தம் பல நாள் கெடுவதில்லை. அதுவும் பழத்தால் ஆனதுதானே! ஏன் இந்த வேறுபாடு?

இக்கேள்விக்கு விடை தந்ததில் பிரான்சு நாட்டிற்குப் பெரும் பங்கு உண்டு. எனவே முதலில் அங்கு செல்வோம்.

கரும்புச் சாற்றிலிருந்து சர்க்கரை எடுக்கும் கலை இந்தியாவிலிருந்து மேற்கே பரவியது. 'சர்க்கரா' என்னும் வடசொல்லே அரபு மொழியில் 'சுக்கர்' ஆகி, பிரெஞ்சு மொழியில் 'சுக்ர்' ஆயிற்று. தென் பிரான்சிலுள்ள ஆப்ட் என்னும் ஊர் சர்க்கரைப் பாகில் ஊறிய பழங்களுக்குப் பெயர் பெற்றது. 14ஆம் நூற்றாண்டில் அருகிலுள்ள அவிஞ்ஞோன் நகரில் தங்கியிருந்த போப்பாண்டவர்களின் உணவுமேசைக்கும் அப்பழங்கள் சென்றன.

அவ்வூர்க் கைவினைஞர்கள் பழத்தை எடுத்தவுடன் கெட்டிப் பாகில் போடுவதில்லை. முதலில் இளம்பாகு, பிறகு சிறிது சிறிதாகக் கெட்டிப் பாகு. இவ்வாறு பல நாள், சில பழங்களுக்குப் பல வாரம் ஊற வைப்பார்கள். அவசரப்பட்டால் பழம் சுருங்கி இறுகிவிடும் என்பதை அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். காரணம் மட்டும் தெரியாது.

காரணத்திற்கு வழி காட்டியவர் நொலே என்னும் பிரெஞ்சு இயற்பியலாளர். 1748இல் அவர் சாராயம் நிரம்பிய ஒரு குப்பியின் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பைச் சவ்வினால் கட்டி, நீரில் அமிழ்த்தினார். வெளியிலிருந்த நீர் சவ்வின் வழியே உள்ளே புகுந்து, சவ்வு உப்பிப் புடைத்தது! இதையே நாம் சவ்வூடு பரவல் என்கிறோம். கரைபொருள் குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்திற்கு நீர் செல்கிறது. உலர்ந்த திராட்சை சிலவற்றை நீரிலும், சிலவற்றைக் கெட்டிப் பாகிலும் ஓர் இரவு போட்டு வையுங்கள், நீங்களே காணலாம்.

நொதித்தல் நுண்ணுயிர்களின் வேலை என்று 1857 முதல் பாஸ்டர் செய்த ஆய்வுகள் காட்டின. நுண்ணுயிரின் உடலும் சவ்வினால் சூழப்பட்டதே. கெட்டிப் பாகில் விழுந்தால் அதன் உடலிலுள்ள நீர் வெளியேறிவிடும். அது பெருக முடியாது. ஆக, சர்க்கரை நுண்ணுயிருக்கு நஞ்சு அன்று. அதற்கு வேண்டிய நீரைக் கிடைக்காமல் செய்கிறது, அவ்வளவே. பழக்கூழும் சர்க்கரையும் கொதித்து வெப்பநிலை சுமார் 105 டிகிரி செல்சியசை எட்டும்போது, கரைபொருள் ஏறக்குறைய 65 சதவீதத்தைத் தாண்டியிருக்கும். ஜாம் இறக்குவதற்கு அதுவே பதம்.

இனிப் பழனிக்கு வருவோம். பஞ்சாமிர்தத்திற்கு உகந்தது ஈரப்பசை குறைந்த விருப்பாச்சி மலைவாழைப்பழம். அதனுடன் சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை, கற்கண்டு, ஏலக்காய் சேர்கின்றன. ஒரு சொட்டு நீரும் சேர்ப்பதில்லை. இருக்கும் கொஞ்ச நீரையும் சர்க்கரையும் தேனும் பிடித்துக்கொள்கின்றன. 2019இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. "ஈரக் கரண்டியைப் போடாதே" என்று பாட்டி அதட்டுவதன் பொருள் இப்போது விளங்குகிறதல்லவா? ஈரம் பட்ட இடத்தில் பாகு இளகும்; அங்கே நுண்ணுயிர் தலையெடுக்கும்.

முந்திரி மரம் பிரேசிலுக்கு உரியது. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் இங்குக் கொண்டுவந்தனர். பிரேசில் மக்கள் முந்திரிப் பழத்தையும் பாகிலிட்டு உண்கிறார்கள். நாமோ கொட்டையை மட்டும் ஏற்றுக்கொண்டோம். ஆரஞ்சைவிடப் பன்மடங்கு வைட்டமின் சி உள்ள பழம் மண்ணில் அழுகுகிறது. தொண்டையைப் பிடிக்கும் துவர்ப்புதான் தடை என்றால், அதற்கும் வழி உண்டு. 2 சதவீத உப்புக் கரைசலில் நான்கைந்து நிமிடம் வேகவைத்தால் துவர்ப்பு பெரிதும் குறையும். பிறகு ஆப்ட் ஊராரைப் போல் இளம்பாகில் தொடங்க வேண்டியதுதான்.

சர்க்கரை நம் நாட்டிலிருந்து போன பொருள். பழம் நம் தோப்பிலேயே கிடக்கிறது. வரும் சித்திரையில் ஒரு கிலோ பழத்தைப் பொறுக்கி வந்து செய்து பாருங்கள்.