வேடிக்கை பார்த்தவர்களின் வாக்குமூலம்: டெரெக் ஷோவின் வழக்கில் (2021) நேர்சாட்சியமும் பொதுமக்கள் எதிர்வினையும்

ஆய்வுச் சுருக்கம்

ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலை வழக்கில் காணொளியே தீர்ப்பைப் பெற்றுத் தந்தது என்னும் கருத்து பரவலாக உள்ளது. அவ்வழக்கின் முதல் வாரத்தில் சாட்சியம் அளித்த பொதுமக்களின் சொற்களையும், அவை எழுப்பிய எதிர்வினையையும் 1992ஆம் ஆண்டு ராட்னி கிங் வழக்கோடு ஒப்பிட்டு, அக்கருத்து முழுமையானதன்று என இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: நேர்சாட்சி, காவல்துறை அத்துமீறல், ஜூரி, காணொளிச் சான்று, மினியாபொலிஸ்

முன்னுரை

2020 மே 25 அன்று மாலை, அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த மினியாபொலிஸ் நகரில், 38ஆம் தெருவும் சிகாகோ அவென்யூவும் கூடும் முனையில், ஜார்ஜ் ஃபிளாய்ட் என்னும் கறுப்பினத்தவர் காவலர்களின் பிடியில் உயிரிழந்தார். கடையொன்றில் அவர் கொடுத்த 20 டாலர் தாள் கள்ளத்தாளாக இருக்கலாம் என்ற ஐயமே காவலர் அழைக்கப்பட்டதற்குக் காரணம். காவல்துறையின் முதல் அறிக்கை, காவலர்களோடு ஏற்பட்ட தொடர்பின்போது உடல்நலம் குன்றி ஒருவர் இறந்தார் என்ற அளவில் முடிந்தது. கழுத்தின்மீது முழங்கால் ஊன்றப்பட்டதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அங்கு நின்ற 17 வயதுப் பெண்ணொருவர் தம் கைப்பேசியில் எடுத்த காணொளியை முகநூலில் பதிவேற்றியபின் அந்த அறிக்கை செல்லாக்காசாயிற்று.

இதுவரை அனைவரும் அறிந்ததே. எனினும், இவ்வளவில் நின்றுவிடுவதால்தான் காணொளிக்கு அளவுக்கு மீறிய ஆற்றல் ஏற்றிச் சொல்லப்படுகிறது. காணொளி கையிலிருந்தும் தண்டனை பெறமுடியாத வழக்கொன்று அதற்கு 29 ஆண்டுகளுக்கு முன்பே அந்நாட்டில் நடந்திருந்தது.

குரலற்ற காட்சி: 1992

1991 மார்ச் 3 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் காவலர்கள் ராட்னி கிங்கை அடித்ததை எதிர்க்குடியிருப்பில் வசித்த ஒருவர் தம் பால்கனியிலிருந்து படம் பிடித்தார். உலகமே அதைப் பார்த்தது. நான்கு காவலர்கள்மீது வழக்குத் தொடரப்பட்டது. உள்ளூரில் நடுநிலையான விசாரணைக்கு வாய்ப்பில்லை என்று கருதப்பட்டதால், வழக்கு வென்ச்சுரா மாவட்டத்தின் சிமி வேலி நகருக்கு மாற்றப்பட்டது. ஜூரியில் 10 பேர் வெள்ளையர். கறுப்பினத்தவர் ஒருவரும் இலர்.

அரசுத் தரப்பு பெரிதும் காணொளியையே நம்பியிருந்தது. அடிபட்ட கிங் அவ்விசாரணையில் சாட்சிக் கூண்டில் ஏற்றப்படவில்லை. எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களோ, அதே காணொளியைச் சட்டகம் சட்டகமாக நிறுத்திக் காட்டினர். ஒவ்வோர் அடியும் பயிற்சிக் கையேட்டின்படி எவ்வாறு நியாயமாகும் என வல்லுநரைக் கொண்டு விளக்கினர். 81 விநாடிக் கொடுமை, தனித்தனி அசைவுகளின் தொகுப்பாக உருமாறியது. 1992 ஏப்ரல் 29 அன்று, முடிவு எட்டப்படாத ஒரே ஒரு குற்றச்சாட்டு நீங்கலாக, அனைவரும் விடுவிக்கப்பட்டனர். அன்று தொடங்கிய கலவரத்தில் 50க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மறு ஆண்டு நடுவணரசு தொடுத்த வழக்கில் கிங் நேரில் சாட்சியம் அளித்தார். இருவர் தண்டனை பெற்றனர். இரு விசாரணைகளின் முடிவு வேறுபட்டதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் அடிபட்டவரின் குரல் ஒன்றில் ஒலித்தது, மற்றொன்றில் ஒலிக்கவில்லை என்பதைக் கணக்கில் கொள்ளாதிருக்க இயலாது.

குற்றவாளிக் கூண்டில் நிற்பவர்போல் சாட்சிகள்

2021 மார்ச் 29 அன்று மினியாபொலிஸில் தொடக்க உரைகளுடன் ஷோவின் வழக்கின் விசாரணை ஆரம்பமாயிற்று. வழக்கை வேறிடத்துக்கு மாற்றும் கோரிக்கையை நீதிபதி பீட்டர் கேஹில் ஏற்கவில்லை. பெருந்தொற்றுக் காலக் கட்டுப்பாடுகளால் நீதிமன்றத்தில் பார்வையாளருக்கு இடம் இல்லாததால், மின்னசோட்டாவில் முதன்முறையாக ஒரு குற்றவழக்கு விசாரணை முழுமையாக நேரலையில் ஒளிபரப்பானது. 8 நிமிடம் 46 விநாடி என ஓராண்டாக முழக்கமாகவே வழங்கிவந்த கணக்கு, 9 நிமிடம் 29 விநாடி என முதல் நாளிலேயே திருத்தப்பட்டது.

அரசுத் தரப்பு வல்லுநர்களை அழைக்கும் முன் தெருமுனையில் நின்றவர்களை அழைத்தது. காணொளி எடுத்த பெண், தாம் மேலும் எதுவும் செய்யாமல் போனதற்காக ஃபிளாய்டிடம் மன்னிப்புக் கேட்டபடியே பல இரவுகள் விழித்திருந்ததாகக் கூறினார். கள்ளத்தாளைப் பெற்ற 19 வயதுக் கடைப் பணியாளர், அதை வாங்காதிருந்தால் இது நேர்ந்திராது என்று வருந்தினார். 61 வயது முதியவர் ஒருவர் காணொளியைக் கண்டதும் தேம்பி அழ, விசாரணை சிறிது நேரம் நிறுத்தப்பட்டது. விடுப்பிலிருந்த தீயணைப்புப் பணியாளர், உயிர்காக்கும் பயிற்சி பெற்றிருந்தும் அருகே செல்ல விடாமல் தடுக்கப்பட்டதைச் சொன்னார். அவசர அழைப்பு மையத்தில் பணியாற்றிய பெண், கண்காணிப்புக் கேமராவின் காட்சி உறைந்துவிட்டதோ என ஐயுற்று, பின்னர் மேலதிகாரியை அழைத்துக் காவலர்களைப் பற்றியே முறையிட்டதாகத் தெரிவித்தார். சம்பவத்தின்போது 18 வயது நிரம்பாதிருந்த நால்வரின் முகங்கள் ஒளிபரப்பில் காட்டப்படவில்லை. குரல் மட்டும் கேட்டது. அவர்களுள் ஒருவர் 9 வயதுச் சிறுமி.

தமிழில் 'வேடிக்கை பார்த்தல்' என்னும் தொடர் வெறும் பார்வையைக் குறிப்பதன்று. கைகட்டி நின்றார் என்னும் பழியும் அதில் உண்டு. இச்சாட்சிகளின் சொற்களில் பொதுவாக இழையோடுவது அப்பழியைத் தம்மீது தாமே சுமத்திக்கொள்ளும் மனநிலையே. சட்டத்தின் கண்ணில் அவர்கள் எக்குற்றமும் செய்யாதவர்கள். எனினும் குற்றம் சாட்டப்பட்டவர் சாட்சியம் அளிக்க மறுத்து மௌனம் காத்த அதே மன்றத்தில், கண்டவர்கள் குற்ற ஒப்புதல்போலப் பேசினர். நேரலையைக் கண்டவர்களை உலுக்கியது இந்த முரண்தான். "ஏன் யாரும் தடுக்கவில்லை?" என்று ஓராண்டுக்கு முன் எழுந்த கேள்வி, "தடுக்க முயன்றவர்களை யார் தடுத்தார்?" எனத் திரும்பியது. விசாரணையைப் பார்ப்பதே கறுப்பின மக்களுக்கு மீண்டும் காயம் விளைவிக்கிறது என்ற உரையாடலும் அவ்வாரத்தில் ஊடகங்களில் வலுப்பெற்றது.

கும்பலா, சாட்சிகளா?

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எரிக் நெல்சன் இதன் ஆபத்தை உணர்ந்திருந்தார். கூடி நின்றவர்களின் சினமும் கூச்சலும் காவலர்களுக்கு அச்சுறுத்தலாக அமைந்து, ஃபிளாய்டைக் கவனிக்கவிடாமல் திசைதிருப்பின என்பது அவரது வாதங்களுள் ஒன்று. மற்போர்ப் பயிற்சி பெற்ற சாட்சி ஒருவர் அன்று உதிர்த்த வசைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்காட்டி, அவர் வெறிகொண்டிருந்ததாக ஒப்புக்கொள்ளச் செய்ய முயன்றார். சாட்சி அதற்கு உடன்படவில்லை; தம்மைச் சினங்கொண்டவராகச் சித்திரிக்க இயலாது என்று மறுத்தார். தீயணைப்புப் பணியாளர் குறுக்கு விசாரணையில் எதிர்வாதம் செய்தபோது, ஜூரி வெளியேறியபின் நீதிபதி அவரைக் கண்டித்தார்.

அறிவுரை போன்ற மறுமொழிகள் ஒரு சாட்சியின் நம்பகத்தன்மையைக் குறைக்கும் என்பது வழக்கறிஞர்களின் பொதுவான கணிப்பு. இங்கு மக்களிடையே விளைவு வேறாயிற்று. காணொளியில் 'கும்பல்' எனத் தோன்றக்கூடியவர்கள், ஒருவர்பின் ஒருவராகக் கூண்டில் ஏறியதும், தொழிலும் வயதும் நினைவும் உடைய தனியாட்களாயினர். 1992இல் எதிர்த்தரப்பு காட்சியைத் துண்டாடியது. 2021இல் துண்டாடப்பட்டது கூட்டம். அதைச் செய்தது அரசுத் தரப்பு.

இதனால் மட்டுமே தண்டனை கிட்டியது என்று கூறிவிட முடியாது. மினியாபொலிஸ் காவல்துறைத் தலைவர் மெடேரியா அராடோண்டோ தம் துறையின் முன்னாள் காவலருக்கு எதிராகவே சாட்சியம் அளித்தது அரிய நிகழ்வு. நுரையீரல் மருத்துவர் மார்ட்டின் டோபினின் விளக்கம் இறப்பின் காரணத்தை ஐயமறத் தெளிவுபடுத்தியது. இரு தரப்பிலும் சேர்த்து 45 சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர். ஆனால் மருத்துவரும் காவல்துறைத் தலைவரும் பேசத் தொடங்கியபோது, எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதை ஜூரி முன்னரே மனிதக் குரல்களில் கேட்டிருந்தது. இவ்வரிசை தற்செயலானதாகத் தோன்றவில்லை.

எதிர்வினையே வழக்கான நிலை

பொதுமக்கள் எதிர்வினை நீதியைக் கெடுத்தது என்ற மறுதரப்புக் குரலும் புறக்கணிக்கத்தக்கதன்று. ஜூரி தேர்வு நடந்துகொண்டிருந்த மார்ச் 12 அன்று, ஃபிளாய்ட் குடும்பத்துக்கு 2.7 கோடி டாலர் இழப்பீடு வழங்க மாநகராட்சி இசைந்த செய்தி வெளியானது. அதனால் ஏற்கெனவே தேர்வான இருவர் விலக்கப்பட்டனர். ஏப்ரல் 11 அன்று அண்டை நகரான புரூக்ளின் சென்டரில் டான்ட்டே ரைட் என்னும் இளைஞர் காவலரால் சுடப்பட்டு இறந்தார். நாடாளுமன்ற உறுப்பினர் மேக்சின் வாட்டர்ஸின் பேச்சு மேல்முறையீட்டுக்கு வழிவகுக்கலாம் என நீதிபதியே மன்றத்தில் குறிப்பிட்டார். கம்பிவேலியும் படைவீரரும் சூழ்ந்த கட்டடத்தில் ஜூரி அச்சமின்றி முடிவெடுத்திருக்குமா என்ற ஐயம் முற்றிலும் பொருளற்றதன்று. மின்னசோட்டா மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 ஏப்ரலில் இவ்வாதங்களை ஏற்காமல் தீர்ப்பை உறுதிசெய்தது. மக்கள் உணர்விலிருந்து தப்பிக்க வழக்கை இடம் மாற்றிய 1992ஆம் ஆண்டின் முடிவு நடுநிலையைக் கொண்டுவரவில்லை என்பதையும் இங்கு நினைவுகூரலாம்.

சட்டம் ஏற்றதும் விட்டதும்

2021 ஏப்ரல் 20 அன்று மூன்று குற்றச்சாட்டுகளிலும் ஷோவின் குற்றவாளி என ஜூரி அறிவித்தது. தண்டனையைக் கூட்டுவதற்குரிய நான்கு காரணிகள் மெய்ப்பிக்கப்பட்டதாக மே மாதத்தில் நீதிபதி கண்டார். சிறார் முன்னிலையில் குற்றம் நிகழ்ந்தது அவற்றுள் ஒன்று. ஜூன் 11 அன்று, காணொளி எடுத்த பெண்ணுக்குப் புலிட்சர் குழு சிறப்புப் பாராட்டு வழங்கியது. இரண்டு வாரம் கழித்து, ஜூன் 25 அன்று, 22½ ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டபோது, நம்பிக்கைக்குரிய பதவியைத் தவறாகப் பயன்படுத்தியதும் தனிக்கொடுமையுமே கூடுதல் தண்டனைக்கு அடிப்படையாகக் கொள்ளப்பட்டன. சிறார் முன்னிலை என்னும் காரணி கணக்கில் சேரவில்லை; அவர்கள் மனக்காயம் அடைந்ததற்குச் சான்று போதவில்லை என்பது நீதிபதியின் கருத்து.

முதல் வாரத்தில் அச்சிறுமியரின் குரலைக் கேட்டு நாடே கலங்கிய நிலையில், தண்டனை ஆணையில் அதே குரல் எடைபெறவில்லை. நிகழ்வை நிறுவுவதற்கு அவர்களின் கண்கள் தேவைப்பட்டன. கண்டதனால் அவர்களுக்கு நேர்ந்தது வழக்கின் எல்லைக்கு வெளியே நின்றது. மாநிலத் தலைமை வழக்கறிஞர் கீத் எலிசன் ஜூலையில் நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். தண்டனைக் காலத்தை மாற்றும்படி அதில் அவர் கேட்கவில்லை. சிறுமியர் பாதிக்கப்படவில்லை எனப் பொருள்படும் வரிகளை ஆணையிலிருந்து நீக்குமாறு மட்டும் வேண்டினார்.